டீசல் டாங்கியில் இருந்த ரேகை

என் அக்கா பல் செய்கிறவள். பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அந்த வாய் யாருடையது என்று தெரியாமலேயே பல்லைச் செய்து கொடுப்பது அவள் வேலை. பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு மாடியில் அவள் வேலை பார்க்கும் லேப் இருக்கிறது. நான்கு மேசை, ஒரு சிறிய சூளை, ஜன்னலோரம் வரிசையாகக் காயும் பிளாஸ்டர் தாடைகள். முதலாளிக்குச் சொந்தமாக ஒரு பல் கூடக் கிடையாது. ஊருக்கெல்லாம் பல் செட் கட்டிக் கொடுப்பவர் தான் மட்டும் மாட்டிக்கொள்வதில்லை. கேட்டால், "குத்துதும்மா" என்பார். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயர் பொக்கை. அது அவருக்கும் தெரியும்.

அக்கா அங்கே சேர்ந்தபோது அவளுக்குப் பதினெட்டு வயது, எனக்குப் பதிமூன்று. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஒருவர்தான் படிக்க முடியும் என்று ஆனபோது அது தம்பியாக இருக்கட்டும் என்று அவளே சொன்னாளா, மற்றவர்கள் முடிவு செய்தார்களா என்று நான் இதுவரை கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள் என்ற பயம்தான்.

அவளுடைய கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். ராணுவத்தில் லாரி ஓட்டியவர். "துப்பாக்கி தூக்கினதை விட ஜாக்கி தூக்கினதுதான் ஜாஸ்தி" என்பார். அந்த ஜாக்கிக் கம்பி ஒரு நாள் நழுவி மேல்வரிசை முன்பல் ஒன்றைக் கொண்டுபோனது. அதற்குப் பதிலாக அக்கா செய்த பல் நிறம் சேரவில்லை என்று மூன்று முறை திரும்பி வந்தது. நான்காவது முறை டாக்டர் அலுத்துப்போய் ஆளையே லேப்புக்கு அனுப்பிவிட்டார்.

"மேடம், இந்தப் பல்லு என்னை விட யோக்கியமா இருக்கு. பக்கத்துல இருக்கறவன்லாம் குடிகாரன் மாதிரி தெரியறான்" என்றாராம் மாமா.

அக்கா அவரை வெளிச்சத்தில் உட்கார வைத்து உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். பக்கத்துப் பல்லில் டீ குடித்துக் குடித்து ஒரு பழுப்புக் கோடு விழுந்திருந்தது. மேலிருந்து கீழாக, மயிரிழை அளவு. அதே மாதிரி ஒன்றைப் புதுப் பல்லிலும் வரைந்து சூளையில் வைத்துச் சுட்டாள்.

"அழுக்கையும் சேத்து செஞ்சிட்டீங்களே."

"அழுக்கு இல்லன்னா உங்க வாயில நிக்காது."

எட்டு மாதம் கழித்துக் கல்யாணம். பொக்கைதான் முதல் ஆளாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, வாய் கொள்ளாமல் சிரித்தார்.

போன வருடம் மழைக்காலத்தில் மலைப்பாதையில் மாமாவின் லாரி பள்ளத்தில் உருண்டு தீப்பிடித்தது. சண்டை எதுவும் இல்லை. கூடாரத் துணி ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். வண்டியில் இரண்டு பேர் இருந்ததால் யார் எவர் என்று பிரிக்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் படிவத்தை நான் நிரப்பினேன். அக்கா உள்ளே போனாள். நான்தான் போயிருக்க வேண்டும். ஆனால் கையில் பேனா இருந்தது, எழுத வேண்டிய கட்டங்கள் இருந்தன, அதைச் சாக்காக வைத்து நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். இரண்டு நிமிடத்தில் அவள் வெளியே வந்தாள்.

"என் வேலைதான். கோடு இருக்கு" என்றாள்.

அடையாளம் காணப்பட்ட விதம் என்ற கட்டத்தில் 'பல்' என்று எழுதினேன்.

பிறகு ராணுவத்திலிருந்து ஓர் அறிக்கை வந்தது. "படிச்ச புள்ள, நீ படி" என்று மாமாவின் அம்மா என் கையில் கொடுத்தார். கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்க நான் வரிவரியாகப் படித்து அர்த்தம் சொன்னேன். ஓட்டுநர் பக்கக் கதவு நசுங்கியதால் திறக்க முடியவில்லை என்று ஒரு வரி இருந்தது. அதையும் படித்தேன். அந்த ஒரு வரியைத் தாண்டிப் போயிருக்கலாம். பதினாறு வருடம் படித்தவனுக்கு அந்த நேரத்தில் அது தோன்றவில்லை.

பத்தாம் நாள் அக்கா வேலைக்குப் போய்விட்டாள். அழவில்லை. எப்படி இருக்கிறாய் என்று கேட்டதற்கு யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"பல்லு புடுங்கறதுக்கு முன்னால ஊசி போடுவாங்கல்ல. அப்ப உதடு இருக்கும், ஆனா நம்மளுது இல்லாத மாதிரி இருக்கும். அப்படி இருக்கு."

"வலிக்குதாக்கா?"

"அதானடா சொல்றேன். வலிக்கல."

அந்த வீட்டில் இரண்டே அறைகள், இப்போது இரண்டே ஆட்கள். அக்காவும் அவள் மாமியாரும். மாமியார் துணிக் கம்பெனியில் முப்பது வருடம் பட்டன் தைத்தவர். பெருவிரல் முனை ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போயிருக்கும். இரண்டு பேரும் நல்ல நாளிலேயே அதிகம் பேசிக்கொள்கிறவர்கள் இல்லை. ஆனாலும் ஒருவர் டீ போட்டால் இரண்டு டம்ளரில்தான் ஊற்றுவார்.

ஐந்து மாதம் கழித்து அக்கா அலமாரி மேலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கினாள். மாமா கடைசி விடுமுறையில் வாங்கிய பொம்மை லாரி. பொம்மை என்றால் அவருக்குக் கோபம் வரும், மாடல் என்று சொல்ல வேண்டும். நிஜ வண்டியில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. ஆறு சக்கர ராணுவ லாரி, கிட்டத்தட்ட அவர் ஓட்டிய அதே ரகம். பெட்டிக்குள் ஏணி மாதிரிப் பிளாஸ்டிக் சட்டங்கள், அவற்றில் காய்த்துத் தொங்குவது போல முந்நூறு சில்லறைப் பாகங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். வெட்டி எடுத்து, ராவி, ஒட்டி, பெயிண்ட் அடிக்க வேண்டும். மாமா அடிச்சட்டம், எஞ்சின், டீசல் டாங்கி வரை ஒட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார். மீதி அடுத்த விடுமுறைக்கு.

ஒரு ஞாயிறு காலை அக்கா லேப் கருவிகளோடு உட்கார்ந்தாள். அடிச்சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். டீசல் டாங்கியின் பக்கவாட்டில் ஓரிடம் சொரசொரவென்று இருந்தது. உப்புத்தாள் எடுத்து ராவினாள். பிறகு நைஸ் தாள், பிறகு துணி. அவள் லேப்பில் சொரசொரப்பு இருந்தால் அந்த வேலை தோற்ற வேலை. நாக்கு கண்டுபிடித்துவிடும் என்பாள். டாங்கி கண்ணாடி மாதிரி ஆனதும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அப்போதுதான் ஓரத்தில், உப்புத்தாள் படாமல், இரண்டு மூன்று வளைகோடுகள் மிச்சம் இருப்பது தெரிந்தது.

அந்தப் பசை பிளாஸ்டிக்கைக் கரைத்துத்தான் ஒட்டும். கரைந்திருக்கும்போது விரல் பட்டால் ரேகை அப்படியே பதிந்து இறுகிவிடும். மாமா ஒட்டும்போது பெருவிரலால் அழுத்திப் பிடித்திருக்கிறார்.

எனக்குப் போன் செய்தாள்.

"அவரு கைரேகைடா. ராவிட்டேன்."

"முழுசாவா?"

"நல்லாவே ராவியிருக்கேன்."

அதைச் சொன்ன குரலில் ஒன்றும் இல்லை. பஸ் போய்விட்டது என்று சொல்வது போல் இருந்தது. நான் ஏதோ ஆறுதல் சொல்லப் பார்த்தேன். புத்தகத்தில் படித்த வாக்கியம் மாதிரி வந்தது, பாதியிலேயே நிறுத்திக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவள் பசை பாட்டிலைத் தொடவில்லை. பாகங்களை வெட்டினாள், பொருத்தினாள், ஆனால் ஒவ்வொரு பொருத்திலும் லேப்பிலிருந்து கொண்டுவந்த ரோஸ் நிற மெழுகை ஒரு பொட்டு வைத்துத்தான் நிறுத்தினாள். பல் செட் கட்டும்போது பல்லை முதலில் மெழுகில் நிறுத்திப் பார்ப்பார்களே, அப்படி.

"இப்படியே விட்டா கழண்டு விழாதாக்கா?"

"விழும்."

"அப்ப ஒட்டிடேன்."

"ஒட்டறது டாக்டர் வேலைடா. லேப்புல நாங்க பொருத்திப் பாக்கறதோட சரி. ஒட்டிட்டா அப்புறம் உடைச்சுத்தான் எடுக்கணும்."

வாரம் ஒரு முறை நான் போவேன். செய்முறைத் தாள் வேற்று மொழியில் இருந்தது. அதை உட்கார்ந்து மொழிபெயர்த்து நான்கு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். வாங்கி மடித்து டம்ளருக்கு அடியில் வைத்தாள். "படம் போட்டிருக்கேடா" என்றாள்.

பச்சை பெயிண்டை அவள் அடித்த விதமும் பல்லுக்கு அடிக்கும் விதம்தான். நேராகப் பச்சையை அப்பவில்லை. அடியில் காவியும் மஞ்சளும் கலந்து ஒரு பூச்சு, அதன்மேல் தண்ணீர் மாதிரிப் பச்சை, காய்ந்ததும் மறுபடி. ஏழெட்டுத் தடவை. "பல்லு வெள்ளையா தெரியணும்னா அடியில மஞ்சள் இருக்கணும்" என்றாள். சக்கரத்துக்கு மேலே சேறு, ஏறும் படியில் பூட்ஸ் தேய்த்த இடம், புகைக்குழாயில் துரு. மேசைமேல் நின்றது வண்டியே அல்ல, வண்டியின் களைப்பு என்று எனக்குத் தோன்றியது. அதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் "எழுதி வெச்சுக்கோ" என்பாள்.

இருபத்து மூன்றாம் படத்தில் அவள் நின்றுவிட்டாள். ஓட்டுநரை உட்கார வைத்த பிறகு கேபின் கூரையை மூட வேண்டும் என்பது அந்தப் படம். பெட்டியில் ஓர் ஓட்டுநரும் இருந்தார். கட்டைவிரல் உயரம், உட்கார்ந்த நிலையில், இரண்டு கையும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி. அவருக்கும் பெயிண்ட் அடித்துவிட்டாள். முகம் கடைவாய்ப் பல்லில் பாதி கூட இல்லை. ஆனால் வண்டிக்குள் வைக்காமல், பல்லைப் போட்டு அனுப்பும் சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் பஞ்சு வைத்து அவரைப் படுக்க வைத்திருந்தாள். கூரையை நான்கு பொட்டு மெழுகில் நிறுத்தி மூடிவிட்டாள். ஜன்னல் தார்ப்பாயைக் கீழே இழுத்துவிட்ட மாதிரி செய்திருந்ததால் உள்ளே ஆள் இல்லாதது வெளியே தெரியாது.

அத்தனை நாளும் மாமியார் பார்க்காதவர் போல் நடமாடினார். முழு லாரியாக அது நின்ற அன்றுதான் வெடித்தார்.

"என் புள்ளைய முழுங்கின வண்டிய நடுவீட்டுல உக்காந்து ஜோடிக்கறியா?"

"இது அது இல்ல அத்தை. பிளாஸ்டிக்."

"பாம்பு குட்டியா இருந்தா பாம்பு இல்லையா?"

மாமியார் மகளுக்குப் போன் போட்டார். "ஞாயித்துக்கெழம வந்து என்னைக் கூட்டிட்டுப் போ." பிறகு அக்காவைப் பார்த்து, "அதுக்குள்ள அது போகட்டும். இல்ல, நான் போறேன். ரெண்டுல ஒண்ணு" என்றார்.

மறுநாள் லேப் வாசலில் அக்காவைப் பிடித்துக் கேட்டேன். மாமியார் போய்விட்டால் இவள் அந்த வீட்டில் தனியாக இருக்க வேண்டும். யாரும் ஒரு டம்ளர் டீ ஊற்றப்போவதில்லை.

"நான் அவங்களப் போகவும் சொல்ல மாட்டேன். வண்டியத் தூக்கியும் போட மாட்டேன்" என்றாள்.

"அப்ப என்னதான்க்கா பண்ணப் போற?"

"பெயிண்ட் காயட்டும்."

ஞாயிறு காலை பத்து மணிக்கு மாமாவின் தங்கை டாக்ஸியோடு வந்தாள். கூரியர் கம்பெனியில் பார்சல் பிரிக்கிறவள். எதையும் தூக்கிப் போட்டுத்தான் பேசுவாள்.

"என்ன காலேஜு, பஞ்சாயத்துக்கு வந்தியா? தீர்ப்பு எழுதிட்டியா, இல்ல இன்னும் படிச்சிட்டுத்தான் இருக்கியா?"

நான் சிரித்து வைத்தேன். மாமியார் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். துணியை மேசைமேல் அடுக்க இடம் வேண்டி, லாரியை முன்பே ஜன்னல் விளிம்புக்கு மாற்றியிருந்தார். கையால் தொடவில்லை, செத்த எலியை எடுப்பது போல் பழைய பேப்பரைச் சுற்றித் தூக்கி வைத்தார் என்று அக்கா பிற்பாடு சொன்னாள். அந்த ஜன்னலில் காலை வெயில் நேராக அடிக்கும். அக்கா சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

மடித்த புடவையோடு மாமியார் நிமிர்ந்தபோது லாரியின் கூரை மெதுவாக ஒரு பக்கம் சரிந்தது. மெழுகு இளகியிருக்கிறது. கூரை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டித் தரையில் விழுந்தது. அவர் குனிந்து பார்த்தார். கூரையை அல்ல, வண்டிக்குள்ளே. சீட்டு இருந்தது, ஸ்டீயரிங் இருந்தது, கியர் கம்பி இருந்தது.

"எங்கடி அவன்?" என்றார்.

சத்தமாகக் கேட்கவில்லை. ஆனாலும் சமையலறை வரை கேட்டது. அக்கா வந்தாள். கேபினைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள். அலமாரியைத் திறந்து அந்த டப்பாவை எடுத்து மூடியைக் கழற்றி நீட்டினாள்.

மாமியார் பஞ்சிலிருந்து அவரை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார்.

"அம்மா, டாக்ஸி நிக்குது" என்றாள் மகள்.

"நிக்கட்டும்." பிறகு அக்காவிடம், "இவன் ஏன் ரெண்டு கையாலயும் புடிச்சிருக்கான்? அவன் எப்ப அப்படி ஓட்டினான்?"

"பெட்டியில அப்படித்தான் வந்துச்சு அத்தை."

"வலது கைய ஜன்னல்ல தொங்கப் போட்டுட்டு ஓட்டுவான். எதுத்தாப்ல வர்றவன் அடிச்சிட்டுப் போயிடுவான்டான்னு எத்தனை வாட்டி திட்டியிருக்கேன். கேட்டானா?"

"மாத்தலாம்" என்றாள் அக்கா.

மேசையில் அடுக்கியிருந்த துணியை ஒதுக்கினாள். பிளேடால் தோளில் ஒரு வெட்டு, முழங்கையில் ஒரு வெட்டு. ஸ்பிரிட் விளக்கில் மெழுகுக் கத்தியைச் சூடாக்கிக் கையைத் திருப்பி நிறுத்தினாள். பல்லை வரிசையில் சாய்க்கும் அதே வேகம். பச்சைச் சட்டையில் வெட்டு மறைய பிரஷ்ஷால் ஒரு தீற்று. ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை. ஜன்னல் தார்ப்பாயைக் கழற்றிவிட்டு ஓட்டுநரைச் சீட்டில் உட்கார வைத்தாள். முழங்கை ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றது.

அக்கா தரையிலிருந்து கூரையை எடுத்தாள்.

"மூடாத" என்றார் மாமியார்.

அக்கா கூரையைக் கீழே வைத்தாள்.

"அந்தக் கதவு... திறக்குமா?"

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அறிக்கையில் அந்த வரி எத்தனையாவது பக்கம் என்று கூட எனக்கு நினைவிருக்கிறது.

"மெழுகுலதான் நிக்குது. எப்படி வேணா வைக்கலாம்" என்றாள் அக்கா.

"திறந்து வை. நல்லாத் திறந்து வை. அப்புறம் யாரும் மூட முடியாத மாதிரி ஒட்டிடு."

அக்கா டிராயரை இழுத்து, மாமா வாங்கி வைத்த பசை பாட்டிலை எடுத்தாள். மூடி இறுகியிருந்தது. இடுக்கியால் திருகித் திறந்தாள். ஓட்டுநர் பக்கக் கதவைக் கழற்றி, மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டு, கீல் இருக்கும் ஓரத்தில் பசையைத் தடவினாள். கதவை முழுக்கத் திறந்த நிலையில் வைத்தாள். முழங்கை இப்போது எதன்மேலும் இல்லாமல் காற்றில் நின்றது. அதை அவள் மாற்றவில்லை.

"யாராவது புடிச்சுக்கணும்" என்றாள். நான் கையை நீட்டுவதற்குள் மாமியாரின் கை போய்விட்டது. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் கதவை இடுக்கிப் பிடித்தன.

"எவ்ளோ நேரம் பிடிக்கணும்?" என்றாள் மகள். "அண்ணி, டாக்ஸிக்காரன் ஹாரன் அடிக்கறான்."

அந்தப் பசை ஒரு நிமிடத்தில் பிடித்துக்கொள்ளும். நான் மொழிபெயர்த்த தாளின் இரண்டாம் பக்கத்திலேயே இருக்கிறது. முழுக்க இறுக ஒரு நாள் ஆகும், அதுவும் இருக்கிறது.

"இருபத்தினாலு மணி நேரம்" என்றாள் அக்கா.

மகள் என்னைப் பார்த்தாள். "நிஜமாவா காலேஜு?"

"தாள்ல அப்படித்தான் போட்டிருக்கு" என்றேன்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா திரும்பவில்லை. "நல்ல குடும்பம்டா சாமி" என்று முணுமுணுத்துக்கொண்டே டாக்ஸியை அனுப்பக் கீழே இறங்கிப் போனாள்.

கால் மணி நேரம் கழித்து அக்கா, "போதும் அத்தை" என்றாள். மாமியார் விரலை எடுத்தார். உட்காரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு முனகல், வேறொன்றும் இல்லை. பாதி கட்டிய பெட்டி பாதியிலேயே கிடந்தது. அன்று அதை யாரும் அவிழ்க்கவும் இல்லை, தூக்கவும் இல்லை.

அக்கா லாரியை வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பினாள். பசை ஓரத்தில் கசிந்திருந்தது. கதவின் வெளிப்பக்கம், அத்தனை அடுக்குப் பச்சையையும் கரைத்துக்கொண்டு, பெருவிரல் அளவில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. ரேகை என்று சொல்லும்படி கோடுகள் இல்லை. ஊசி குத்தின புள்ளிகள்தான் கொத்தாக.

அவள் கை தானாகவே உப்புத்தாளை எடுத்துவிட்டது. எடுத்து இரண்டாக மடித்தும்விட்டது. நான் வாயைத் திறந்தேன். எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. அவள் மடித்த தாளைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். தாளைப் பிரித்து, நீவிவிட்டு, டிராயருக்குள் வைத்து மூடினாள்.

"டீ ஆறியிருக்கும். சுட வெக்கணும்" என்று எழுந்து போனாள். நான்கு டம்ளர் எடுக்கும் சத்தம் கேட்டது.